இடப்பக்கம் இழுக்கும் வில்

மைலோ பிரெவிக்கின் வில்லுக்குப் பேய் பிடித்திருந்தது. அப்படித்தான் அவன் நம்பினான். ஞாயிற்றுக்கிழமை மடியில் போட்டுத் திருகித் தடவிக் கொடுத்தால் நல்ல பிள்ளையாக நேரே எய்யும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அம்பு மறுபடி இடப்பக்கம் ஓடும். மறுபடி திருகுவான். மறுபடி ஓடும். ஆகஸ்ட் மாதம் முழுக்க இந்தக் கூத்துதான்.

எல்லா அம்பும் ஓடினால்கூட மனசு ஆறும். உருண்டை முனை போட்ட பயிற்சி அம்புகள் கொட்டகைக்குப் பின்னால் இலக்காக வைத்திருந்த ஃபோம் பொதியின் நடுவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். அதே வில், அதே கை, அதே அம்பு. நுனியில் மட்டும் மானுக்குப் போடும் பிளேடு முனையைத் திருகி எய்தால், ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போய்க் குத்தும். மைலோ வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் மனைவி லவோன், அக்கம்பக்கத்தில் பாதிரியம்மா யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் பால் பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். காம்பவுண்ட் வில்லின் கப்பிகள் சுழன்று அம்பைத் தள்ளும்போது அதன் வால் கொஞ்சம் கோணினாலும், உருண்டை முனை கண்டுகொள்ளாது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் இறகுகள் போகிற வழியிலேயே அம்பை நிமிர்த்திவிடும். பிளேடு முனையிடம் அது நடக்காது. அந்தத் தகடுகளும் காற்றைப் பிடிக்கும். கோணலாகக் கிளம்பினால் கோணலாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். உருண்டை முனை, வீட்டுச் சண்டையை விருந்தாளி முன்னால் மூடி மறைக்கிற ஆள். பிளேடு முனை வாசலில் நின்று ஊருக்கே சொல்கிற சித்தப்பா.

மருந்தும் தெரியும். அம்பு இடப்பக்கம் போனால், அம்பு படுத்திருக்கும் தாங்கியை மயிரிழை வலப்பக்கம் தள்ள வேண்டும். பிளேடு அம்பும் பயிற்சி அம்பும் ஒரே இடத்தில் குத்தும்வரை தள்ளிக்கொண்டே வரவேண்டும். அப்புறம் குறி பார்க்கிற குறிமுள்ளைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். உலகமே அப்படித்தான் செய்கிறது. உலகத்துக்கு ஒருதடவை செய்தால் போதுமாக இருக்கிறது. மைலோவுக்கு மட்டும் அந்த வேலை முடிந்தபாடில்லை.

அவன் இப்படி மண்டையை உடைத்துக்கொண்டதற்குப் போன வருஷத்து மான் ஒன்று காரணம். போன செப்டம்பரில் முகட்டில் நிற்கும் கருவாலி மரத்தில் கட்டிய தன் பரணிலிருந்து ஒரு நல்ல கொம்பு மானை எய்தான். பயிற்சி அம்பு சரியாகப் போகிறதே, பிளேடும் போகும் என்று அசட்டையாக இருந்துவிட்டான். அம்பு இடப்பக்கம் விலகி மானின் வயிற்றில் பாய்ந்தது. அது முதுகைக் கூனிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போனதை அவன் பார்த்தான். மறுநாள் முழுக்கத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சில நாள் கழித்துக் காக்கைகள் காட்டிக் கொடுத்தன. மைலோ அதைப் பற்றி வேட்டை முகாமில் ஒரு வார்த்தை பேசவில்லை. லவோனிடம் மட்டும், பிளேடு அம்பு நேரே போகாதவரை இனி பரணில் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தான். கல்யாணத்தின்போது சொன்ன உறுதிமொழியைவிட அதை உருக்கமாகச் சொன்னான் என்று அவள் பின்னால் குறைபட்டுக்கொண்டாள்.

இனி தாடி விஷயம். லவோனின் பிறந்த வீட்டார் நடத்தும் ஸாஸ்ட்ரோ முகாமில் ஒரு சட்டம் உண்டு. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கை முடிந்ததிலிருந்து அவனவன் எய்த மான் முகாம் கம்பத்தில் தொங்கும்வரை யாரும் தாடியை எடுக்கக்கூடாது. போட்டவர் லவோனின் அப்பா, காலமாகிவிட்டார். ஒரு வருஷம் யாருடைய கல்யாணத்துக்கோ மழமழவென்று மழித்துக்கொண்டு போய் வந்தாராம், அந்த வேட்டைப் பருவத்தில் அவருக்கு ஒரு மான்கூட விழவில்லையாம். மழை, முதுகுவலி, முந்தின நாள் பிராந்தி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பழி முழுவதும் சவரக்கத்தியின் தலையில் விழுந்தது. இப்போது அந்தச் சட்டத்தைக் காப்பவர் அவருடைய மகன் ஹார்லன், லவோனின் அண்ணன். மாட்டுச் சந்தையிலும் பண்ணை விற்பனையிலும் ஏலம் விடுகிறவர். மூச்சு விடாமல் பேசுவது அவருக்குத் தொழில். தொழில் நேரம் முடிந்ததும் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மைலோவின் தாடி அந்த முகாமின் பெருமை. மற்றவர்களுக்கு இரண்டு மாதத்தில் சுமாராகத்தான் வரும். இவனுக்கோ ஜூலை முடிவதற்குள் கண்ணுக்குக் கீழிருந்து தொண்டைவரை செம்பட்டை நிறத்தில் புதர் மண்டிவிடும். அவன் பால் லாரி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் பாலை ஏற்றிச் சீஸ் தொழிற்சாலையில் இறக்க வேண்டும். அங்கே உள்ளே போகத் தாடிக்கு வலை போட்டாக வேண்டும். மற்ற டிரைவர்களுக்கு ஒரு வலை போதும், மைலோ ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு, குருவிக்கூட்டைக் கவ்விக்கொண்டு வருகிற நாய் மாதிரி உள்ளே போவான்.

செப்டம்பர் பிறந்ததும் வில்லைத் தூக்கிக்கொண்டு வில் பழுதுபார்க்கும் கடைக்குப் போனான். கடைக்காரர் ஒல்லியான மனிதர், முட்டை ஓடுபோல வழவழப்பான முகம். மைலோ தன் குறைகளைச் சொல்லச் சொல்ல அவர் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டார். நாண் நீண்டுவிட்டதா, கப்பி சாய்ந்துவிட்டதா, அம்புத் தண்டு வலுவில்லையா, புழுக்கம் காரணமா, பக்கத்துப் பண்ணைக்காரன் நடுராத்திரியில் வந்து திருகிவிட்டுப் போகிறானா என்று மைலோ வரிசையாகக் கேட்டான். கடைக்காரர் தாங்கியைப் பார்த்தார். அது நடுவிலிருந்து விலகி வில்லின் வலப்பக்கச் சுவரை முட்டுகிற நிலையில் இருந்தது. அதைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒரு சட்டத்தில் காகிதத்தை இறுக்கிக் கட்டி, அதற்குள் தானே ஓர் அம்பை எய்தார். வால் கோணினால் காகிதம் நீளமாகக் கிழியும். கிழியவில்லை. பஞ்ச் மெஷினால் குத்தியதுபோல உருண்டையாக ஓட்டை, சுற்றிலும் இறகுகளின் கீறல். தாங்கிக்கும் குறிமுள்ளுக்கும் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டார்.

“வில்லுக்கு ஒரு வியாதியும் இல்ல. இந்தக் கோட்டத் தாண்டி எதையும் தொடாத.”

அதாவது வியாதி உனக்குத்தான் என்கிறார். மைலோவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து எய்தான். பிளேடு அம்பு ஒரு சாண் இல்லை, ஒரு முழம் இடப்பக்கம் போய், லவோனின் பூசணிக்காயில் நின்றது. கடைக்காரனுக்குக் கண் தெரியவில்லை என்று முடிவு செய்து, கோட்டைத் தாண்டித் தாங்கியை மறுபடி வலப்பக்கம் தள்ளினான். பூசணிக்காய் அன்றிரவு சூப்பாக வந்தது. அவன் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

சனிக்கிழமை வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, ஹார்லனின் காட்டோரத்து மரக்குடிலில் தட்டுச் சோதனை. அதுவும் முகாம் சட்டம்தான். முப்பது கஜத்தில் ஃபோம் பொதியில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி வைப்பார்கள். பிளேடு முனை போட்டு, தொடர்ந்து இரண்டு அம்பு தட்டுக்குள் எய்கிறவன் மறுநாள் தன் பரணில் ஏறலாம். பொழுது சாயும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் எய்து பார்க்கலாம். முடியாதவன் தன் பரணை விட்டுக்கொடுத்துவிட்டு முகாமில் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். சோதனை முடிந்து வில் எல்லாம் உறைக்குள் போகும்வரை பீர் கிடையாது. ஆண்கள் சொந்தமாகப் போட்டுக்கொண்ட சட்டங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது லவோனின் கருத்து.

முகாமில் மூன்றாவது ஆள் கிப், லவோனுக்குச் சித்தப்பா மகன். ஆடு வளர்க்கிறவன். பேச வேண்டிய இடத்தில் சாப்பிடுவான், சாப்பிட வேண்டிய இடத்திலும் சாப்பிடுவான். அவன் வந்ததும் இரண்டு அம்பு எய்தான், இரண்டும் தட்டுக்குள் போயின. அவன் முகத்தில் முளைத்திருந்ததைத் தாடி என்று சொன்னால் தாடிக்குத்தான் அவமானம். வேலை முடிந்தது என்று அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்த சாசேஜ் பக்கம் போய்விட்டான்.

ஹார்லன் இடக்கைக்காரர். ஏலச் சுத்தியலும் இடக்கையில்தான், வில் நாணும் இடக்கையில்தான். அவருடைய முதல் அம்பு தட்டின் வலப்பக்க விளிம்பைக் கிள்ளிக்கொண்டு நின்றது. அது உள்ளே என்று அவரே தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது வலப்பக்கம் வெளியே போனது. காற்று என்றார். கொடியில் தொங்கிய துண்டு அசையவே இல்லை. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை, சொன்னால் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பருவம் முடிந்துவிடும்.

அடுத்து மைலோ. முதல் அம்பு இடப்பக்கம் போனது. அடுத்ததும் போனது. ஹார்லனுக்குத் தன் காற்று மறந்துவிட்டது.

“மாப்ள, அந்த முகட்டுப் பரண நான் பாத்துக்கறேன். நீ நாளைக்குக் கெழங்கு உரி. தோலையாவது நேராச் சீவுவியான்னு பாப்போம்.”

வேறு நாளாக இருந்தால் மைலோ பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பான். இன்று அவன் கண்ணில் போன வருஷத்துக் காக்கைகள்தான் தெரிந்தன. கிழங்கு உரிப்பது அவனுக்குப் பெரிய காரியமில்லை. இத்தனை நாள் திருகியும் கையில் இருப்பது ஒரு மானை வயிற்றில் குத்துகிற வில்தானே என்பதுதான் அவனை அரித்தது. கிப் ஒரு ரொட்டிக்குள் சாசேஜை வைத்து, கடுகு சாஸைத் தாராளமாகப் பிதுக்கி அவன் கையில் கொடுத்தான். மைலோ ருசி தெரியாமல் தின்றான். பாதி வாய்க்குள் போனது, பாதி தாடியில் தங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டு மறுபடி வில்லை எடுத்தான்.

அந்த அம்பும் இடப்பக்கம்தான். அதைப் பிடுங்கப் போனபோதுதான் இறகில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. முதலில் பூச்சி என்று நினைத்தான். தொட்டுப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். கடுகு சாஸ். மூன்று இறகில் ஒன்றில் மட்டும், முகத்தின் பக்கம் இருக்கிற இறகில் மட்டும் சாஸ். திரும்பி வந்து நாணைப் பார்த்தான். அவன் வாயோரத்தில் வந்து நிற்கிற இடத்தில் நாணிலும் சாஸ், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு செம்பட்டை மயிர்.

மைலோவின் கை மெல்ல மேலே போய்த் தாடியைத் தடவியது. நாணை முழுக்க இழுத்து நிறுத்தும்போது அது வலது கன்னத்தை ஒட்டி நிற்கும். அங்கே கன்னம் எங்கே இருக்கிறது? புதர்தான் இருக்கிறது. அந்தப் புதர் நாணை வெளியே தள்ளுகிறது. விட்டதும் நாணையும் இறகையும் பிடித்து இழுத்துவிட்டு விடுகிறது. அம்பின் வால் வலப்பக்கம் கோணுகிறது, மூக்கு இடப்பக்கம் போகிறது. தாடி வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. அதனால்தான் ஞாயிறு சரியான வில் அடுத்த ஞாயிறு கெட்டது. கெட்டது வில் இல்லை. ஆகஸ்ட் முழுக்க அவன் தாங்கியைத் தள்ளித் தள்ளி வில்லுக்கு வைத்தியம் பார்க்கவில்லை, தன் தாடிக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தான். வழவழ முகத்துக் கடைக்காரர் எய்தால் காகிதத்தில் உருண்டையாக ஏன் ஓட்டை விழாது?

போன வருஷமும் இதே தாடிதான். அந்த மானின் வயிற்றில் அம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதுதான்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தான். சட்டைப் பையில் சீஸ் தொழிற்சாலையின் தாடி வலை இருந்தது. எடுத்து மாட்டினான். ஹார்லன் விழுந்து விழுந்து சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். மைலோ எய்தான். வலையின் கண்ணியில் நாண் மாட்டி, வலை பிய்த்துக்கொண்டு வில்லோடு போய்த் தொங்கியது. அம்பு பொதியையே விட்டுவிட்டு இடப்பக்கத்து ஆப்பிள் மரத்தில் குத்தி நின்று ஆடியது. ஓர் ஆப்பிள் மட்டும் கடமையுணர்ச்சியோடு கீழே விழுந்தது. அதையும் கிப் எடுத்துத் தின்றான்.

மைலோ கிப்பிடம் வந்து, வண்டியில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற மெஷின் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. எதற்கு என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் கிப் மெல்லுவதை நிறுத்தினான். அந்த மாலையில் அவன் வாய் சும்மா இருந்தது அப்போதுதான்.

ஹார்லன் எழுந்தார். இருமல் போய்விட்டது. அப்பா போட்ட சட்டம், முகாமின் மானம், அதிர்ஷ்டம், தலைமுறை என்று ஏல வேகத்தில் எல்லாம் வந்தது. தாடியை எடுத்தால் நீ இந்த முகாமில் ஆளே இல்லை, வீட்டுக்குப் போய் டி.வி. பார் என்றார். மைலோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

“மச்சான், தாடிய எடுக்கக் கூடாதுன்னுதான மாமா சொன்னாரு? நான் எடுக்கல. பாதிய வச்சுக்கறேன்.”

ஹார்லன் அப்பாவின் சட்டத்தை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். சட்டத்தில் பாதித் தாடியைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. செத்துப்போன மனிதருக்கு இப்படி ஒரு மருமகன் வாய்ப்பான் என்று எப்படித் தெரிந்திருக்கும்? ஹார்லன் கிப்பைப் பார்த்தார். கிப் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“இருக்கற வரைக்கும் அது தாடிதான். பாதி மொட்டையடிச்சாலும் ஆடு ஆடுதான?” என்றான் கிப். அவன் பேசியதே அபூர்வம் என்பதால் அது தீர்ப்பாகிவிட்டது.

கவிழ்த்துப் போட்ட பால் கேனில் மைலோ உட்கார்ந்தான். கிப் அவன் தலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் கழுத்தைத் தட்டிச் சாந்தப்படுத்திவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் மூக்குக்கு நேர்கோடாக மழித்தான். செம்பட்டைப் பொதி கீழே விழுந்தது. கன்னம் தெரிந்தது. வெயிலே படாத வெள்ளைக் கன்னம், குழந்தையின் பிட்டம் மாதிரி இருந்தது. இடப்பக்கம் பழைய புதர் அப்படியே நின்றது.

இனி வில். தாங்கி இன்னும் வலப்பக்கச் சுவரோரம்தான் இருந்தது. அப்படியே எய்தால் இப்போது வலப்பக்கம் போகும். மைலோ திருகுசாவியை எடுத்துத் தாங்கியைக் கடைக்காரரின் வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான், குறிமுள்ளையும் அதன் கோட்டில் வைத்தான். ஆகஸ்ட் மாதத்து உழைப்பு முழுவதும் நாலு திருகலில் போய்விட்டது. சோதித்துப் பார்க்க நேரமில்லை, மரங்களின் நிழல் பொதியைத் தொட்டுவிட்டது. கண் தெரியாதவன் என்று அவன் திட்டிய மனிதரின் கோட்டை நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

நாணை இழுத்தான். பல வாரங்களுக்குப் பிறகு நாண் தோலைத் தொட்டது, சில்லென்று இருந்தது. மூச்சை விட்டான், நாணை விடுவிக்கும் விசையை அழுத்தினான். அம்பு தட்டின் நடுவில் நின்றது. அடுத்ததை எய்தான். அது முதல் அம்பின் இறகைச் சீவிக்கொண்டு பக்கத்தில் நின்றது. மைலோ வந்து பால் கேனில் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவனுக்கு அழுகைதான் வந்தது. கண்ணில் புகை என்று அடுப்பின் மேல் பழியைப் போட்டான்.

இப்போது தட்டைத் தொடாதவர் ஹார்லன் ஒருவர்தான். விளிம்பில் கிள்ளியதை அவரே மறந்துவிட்டார். எய்தார், வலப்பக்கம். எய்தார், வலப்பக்கம். காற்று என்று சொல்ல வாயெடுத்து, கொடியில் துண்டைப் பார்த்து, விட்டுவிட்டார். பிறகு தன் அம்பைப் பிடுங்கி வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மைலோ செய்ததுபோலவே இறகை முகர்ந்து பார்த்தார்.

கடுகு சாஸ் அவர் தொடுவதில்லை. சாசேஜோடு வெங்காய ஊறுகாய்தான் அவருக்குப் பிடிக்கும். இறகில் அது இருந்தது.

ஏலத்தில் மாடு விலைபோகாதபோது ஹார்லனின் முகம் ஒரு மாதிரி ஆகும். அந்த முகத்தோடு குடிலுக்குப் பின்னால் போனார். போகிற வழியில் கிப்பின் தோளைத் தொட்டார், கிப் மெஷினோடு பின்னால் போனான். இருந்த சத்தம் மெஷின் சத்தம் மட்டும்தான். ஹார்லன் பேசாமல் இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவருக்கு இடப்பக்கம் மொட்டை. மைலோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். தாங்கியை எவ்வளவு தள்ள வேண்டும் என்று அவனே பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னான். கடைசி வெளிச்சத்தில் ஹார்லனின் இரண்டு அம்பும் தட்டுக்குள் போயின. இரண்டாவதற்குத் தட்டின் ஓரம்தான் கிடைத்தது என்றாலும் அது உள்ளே என்று இந்தமுறை மற்றவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முகட்டுக் கருவாலிக்குக் கீழே அந்த மான் வந்தது. அகலமான கொம்பு, தடித்த கழுத்து. நின்று ஏப்பம் விடுகிற பெரிய மனுஷன் மாதிரி கருவாலிக் கொட்டைகளை மென்றுகொண்டு நின்றது. மைலோ அவசரப்படவில்லை. அது பக்கவாட்டில் திரும்பி முன்கால் ஓர் எட்டு வைக்கும்வரை காத்திருந்தான். நாண் மொட்டைக் கன்னத்தில் வந்து நின்றது. அம்பு போனதே தெரியவில்லை. தோளுக்குப் பின்னால், போக வேண்டிய இடத்தில் போய், மறுபக்கம் வெளியே வந்து மண்ணில் நின்றது. மான் துள்ளி ஓடியது. சோளக்காட்டு ஓரம் போவதற்குள் கால் மடங்கி விழுந்தது, அவன் கண் முன்னாலேயே. அதற்கப்புறம் அது அசையவில்லை.

அவன் பரணில் உட்கார்ந்தபடியே அழுதான். இந்தமுறை பழி போட அடுப்பு இல்லை. வலப்பக்கம் கண்ணீர் மொட்டைக் கன்னத்தில் வழிந்து காற்றில் குளிர்ந்தது. இடப்பக்கத்துக் கண்ணீர் தாடிக்குள் போய்க் காணாமல் போனது.

மதியம் மானைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். சட்டப்படி மைலோ இனி முழுக்க மழித்துக்கொள்ளலாம். கிப்பிடம் மெஷினைக் கேட்டு வாங்கி, மீதித் தாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஹார்லன் அன்று தன் பரணிலிருந்து வெறுங்கையோடு இறங்கியிருந்தார். மெஷின் இரைந்ததும் பக்கத்தில் வந்து நின்று, பூட்ஸ் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பெரிய பண்ணை விற்பனை ஒன்று இருக்கிறது, மாவட்டமே வரும் என்றார். அப்புறம் தன் வாழ்க்கையிலேயே மிக மெல்லிய குரலில் ஒன்று சொன்னார்.

“மாப்ள, எனக்கு ஒண்ணு விழற வரைக்கும் நீயும் இப்படியே இரேன். தனியா இருந்தா கோமாளியாத் தெரிவேன்.”

மைலோ அவரைப் பார்த்தான். எத்தனை வருஷமாக இந்த மனிதர் தன்னைக் கிண்டல் செய்திருக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தான். எண்ணி முடிப்பதற்குள் மெஷினை அணைத்துவிட்டான்.

ஹார்லனுக்கு மான் விழ அக்டோபர் பாதியாயிற்று. அதுவரை மைலோ அரைத் தாடியோடு பால் லாரி ஓட்டினான், அரைத் தாடியோடு தொழிற்சாலைக்குள் போனான். முதல் ஞாயிறு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனபோது பாதிரியம்மா பிரசங்கத்தில் எந்த இடத்தில் இருந்தோம் என்று இரண்டு தடவை தேட வேண்டியிருந்தது. பாட்டுக்கு எல்லாரும் எழுந்த சமயம் பார்த்து, லவோன் இரண்டு பேரின் முழங்கையையும் பிடித்து இடம் மாற்றி நிறுத்தினாள். மைலோவின் தாடிப் பக்கமும் அண்ணனின் தாடிப் பக்கமும் உரசும்படி நெருக்கித் தள்ளினாள்.

“ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க. நடுவுல ஒரு தாடியாவது முழுசாத் தெரியட்டும்.”

இரண்டு பேரும் ஒட்டி நின்றார்கள். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவர்கள் விலகவில்லை.